ரத்தத்துலயே இருக்குங்கறது நெஜமா? – வாசகர் கேள்வி பதில்

மனுஷன் ஏன் குற்றம் பண்றான்னு போன இதழ்ல கேள்வி கேக்க சொல்லியிருந்தோம். வந்திருக்கற கடிதங்கள பாத்தா ஆளாளுக்கு ஒரு பதிலை முன்னாடியே முடிவு பண்ணி வச்சிட்டு, அதுக்கு நான் ஆமாம் போடணும்னு எழுதியிருக்கீங்க. பரவால்ல, சண்டை போடறதுக்கும் ஆள் வேணுமே. சிலதுக்கு பதில் நீளமா போயிடுச்சு, சிலதுக்கு நாலு வரிதான்.

கேள்வி: அப்பா ஜெயிலுக்கு போனவர். இப்ப பையனும் திருட்டு கேஸ்ல மாட்டிக்கிட்டான். "அது ரத்தத்துலயே இருக்கு"ன்னு பெரியவங்க சொல்றாங்க. சயின்ஸ் இத ஒத்துக்குதா?

பதில்: ஒரு காலத்துல ஒத்துக்கிச்சு, அதுவும் ரொம்ப ஆசையா. இத்தாலியில செசாரே லொம்ப்ரோசோன்னு ஒரு டாக்டர், செத்துப்போன ஒரு கொள்ளைக்காரனோட மண்டையோட்ட திறந்து பாத்தாரு, பின்பக்கம் ஒரு குழி இருந்துச்சு, அது மனுஷனுக்கு இருக்க வேண்டியதில்ல விலங்குக்கு இருக்க வேண்டியதுன்னு அவருக்கு தோணிச்சு. அவ்ளோதான், குற்றவாளிங்க எல்லாம் பரிணாமத்துல பின்தங்கிட்ட ஆளுங்க, பிறவியிலயே அப்படித்தான், பெரிய தாடை, நீளமான கை, விரிஞ்ச காது இதையெல்லாம் வச்சே கண்டுபிடிச்சிடலாம்னு 1876ல புஸ்தகமே போட்டுட்டாரு. ஜெயில்ல இருக்கறவன அளந்தாரு சரி, வெளியில இருக்கறவன ஒழுங்கா அளந்து ஒப்பிட்டாரான்னா இல்ல. அந்த வேலைய சார்லஸ் கோரிங்னு ஒரு இங்கிலாந்து ஜெயில் டாக்டர் செஞ்சாரு, ஏறக்குறைய 3,000 கைதிங்கள அளந்து சாதாரண ஆளுங்களோட ஒப்பிட்டு 1913ல சொன்னாரு, அப்படி ஒரு தனி முகமும் கிடையாது தனி மண்டையும் கிடையாதுன்னு. லொம்ப்ரோசோவோட எலும்புக்கூடு இப்ப டூரின்ல அவர் ஆரம்பிச்ச மியூசியத்துலயே நிக்குது, அவரே அப்படித்தான் எழுதி வச்சிட்டு போனாரு.

இதெல்லாம் பழங்கதைன்னு சிரிச்சிட்டு போக முடியாது. இந்த நினைப்பு சட்டமாவே வந்திருக்கு. 1871ல பிரிட்டிஷ் இந்தியாவுல குற்றப் பரம்பரைச் சட்டம் போட்டாங்க, ஒரு சாதியில பொறந்தாலே சந்தேகக் கேஸ், போலீஸ்கிட்ட பேரை பதியணும், சொல்லாம ஊரை விட்டு நகரக்கூடாது. 1911ல அது மெட்ராஸ் மாகாணத்துக்கும் வந்துச்சு. "ரத்தத்துல இருக்கு"ன்னு சும்மா பேச்சுக்கு சொல்ற ஒரு வரி எதுவரைக்கும் போகும்னு பாத்துக்கோங்க.

அப்ப பரம்பரைக்கு பங்கே இல்லையான்னா, இருக்கு. இத கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி தத்து போன பிள்ளைங்கள பாக்கறது, ஏன்னா பெத்தவங்க வேற வளத்தவங்க வேற. டென்மார்க்ல 14,427 தத்துப்பிள்ளைங்களோட கோர்ட் ரெக்கார்டை எடுத்து 1984ல ஒரு ஆய்வு வந்துச்சு. ஆம்பளப் பசங்கள மட்டும் எடுத்துக்கிட்டா, பெத்தவங்க வளத்தவங்க ரெண்டு பக்கமும் தண்டனை வாங்காத இடத்துல 100க்கு 13.5 பேர் தண்டனை வாங்கியிருக்காங்க. வளத்தவங்க மட்டும் தண்டனை வாங்கியிருந்தா 14.7, பெத்தவங்க மட்டும்னா 20, ரெண்டு பேருமேன்னா 24.5. பெத்தவங்க பக்கத்துலேர்ந்து ஏதோ வருதுன்னு தெரியுது. ஆனா அதே கணக்க திருப்பி படிங்க, பெத்தவங்க தண்டனை வாங்கியிருந்தும் 100க்கு 80 பேர் ஒரு தண்டனையும் வாங்காம இருந்திருக்காங்க. இன்னொண்ணு, இந்த தொடர்பு திருட்டு மாதிரி சொத்து குற்றத்துலதான் தெரிஞ்சுது, அடிதடி கொலையில தெரியல. வர்றது என்னன்னா திருட்டு இல்லைங்க, அவசரபுத்தி, பொறுமையில்லாத தன்மை, பயம் சட்டுன்னு வராத ஒரு உடம்பு, இந்த மாதிரி குணங்கதான். அந்த குணத்தோடயே ஒருத்தர் தீயணைப்பு வீரராவும் ஆகலாம்.

கேள்வி: நான் சட்டக் கல்லூரி மாணவி. கொலைக்கு ஜீன்தான் காரணம்னு நிரூபிச்சா கோர்ட்ல தப்பிச்சிடலாமா?

பதில்: முயற்சி பண்ணி பாத்தவங்க இருக்காங்கம்மா. முதல்ல ஒய் குரோமோசோம் கதை, குரோமோசோம்னா ஜீன்கள சுமக்கற இழை. ஆம்பளைக்கு ஒரு எக்ஸ் ஒரு ஒய், சிலருக்கு மட்டும் ஒய் ரெண்டு இருக்கும், கிட்டத்தட்ட ஆயிரத்துல ஒருத்தருக்கு. 1965ல ஸ்காட்லாந்துல ஒரு பாதுகாப்பு மனநல ஆஸ்பத்திரியில இப்படிப்பட்டவங்க எதிர்பாத்ததை விட ஜாஸ்தி இருக்காங்கன்னு பாட்ரிசியா ஜேக்கப்ஸ் குழு எழுதினாங்க. அடுத்த வருஷம் சிகாகோவுல ரிச்சர்ட் ஸ்பெக்னு ஒருத்தன் எட்டு நர்சிங் மாணவிங்கள கொன்னான். பின்னாடி அவனுக்கும் ரெண்டு ஒய் இருக்குன்னு பேப்பர்ல எல்லாம் வந்துச்சு, ஆனா டெஸ்ட்ல அவனுக்கு சாதாரண குரோமோசோம்தான். ஆனா வதந்தி மட்டும் ரொம்ப வருஷம் பாடப்புஸ்தகத்துல உக்காந்திருந்துச்சு. 1976ல டென்மார்க்ல உயரமான ஆம்பளைங்கள வச்சு செஞ்ச ஆய்வுல, ரெண்டு ஒய் இருக்கறவங்க வன்முறையில அப்படி ஒண்ணும் முன்னாடி நிக்கலன்னு தெரிஞ்சுது.

இப்ப பேசப்படறது எம்.ஏ.ஓ.ஏ ஜீன், மூளைக்குள்ள செரடோனின் டோபமைன் மாதிரி ரசாயனங்கள உடைக்கற என்சைம தயாரிக்கறது. 1993ல ஒரு டச்சு குடும்பத்துல இந்த ஜீன் சுத்தமா வேலை செய்யாத ஆம்பளைங்ககிட்ட திடீர் ஆவேசம் இருக்கறத கண்டுபிடிச்சாங்க, அது ரொம்ப அரிது. ஆனா இந்த ஜீனோட கொஞ்சம் மந்தமான வகை பல சமூகங்கள்ல மூணுல ஒரு ஆம்பளைக்கு இருக்கு. அவங்கள்லாம் கொலைகாரங்கன்னா ஜெயில் கட்டி மாளாது. நியூசிலாந்து டனேடின் ஊர்ல 1972, 73ல பொறந்த 1,037 குழந்தைங்கள பல வருஷமா தொடர்ந்து பாத்துட்டு வர்றாங்க, அதை வச்சு 2002ல ஒரு கட்டுரை வந்துச்சு, மந்தமான வகையோட சின்ன வயசுல அடி உதை கொடுமையும் சேர்ந்தாத்தான் பின்னாடி வன்முறை கூடுது, கொடுமை இல்லாத வீட்டுல வளந்தா அந்த ஜீன் இருந்தும் ஒண்ணும் ஆகலன்னு. இதை அப்புறம் பல பேர் திரும்ப செஞ்சு பாத்தாங்க, சிலருக்கு வந்துச்சு சிலருக்கு வரல, அதனால கல்லுல எழுதிடாதீங்க.

கோர்ட் விஷயம் கேட்டீங்க இல்ல, 2009ல இத்தாலியில ட்ரியெஸ்தே மேல்முறையீட்டு கோர்ட், ஒரு கொலை வழக்குல இந்த ஜீன் வாதத்தையும் கணக்குல எடுத்து தண்டனையில ஒரு வருஷம் குறைச்சுது. விடுதலை பண்ணல. எனக்கு இந்த வாதம் ரெண்டு பக்கமும் வெட்டும்னு தோணும். "என் கட்சிக்காரரால அடக்கிக்க முடியாது"ன்னு வக்கீல் சொன்னா, எதிர்த்தரப்பு எழுந்து "அப்ப வெளிய விட்டா திரும்ப செய்வாரு, ஜாஸ்தியா உள்ள வைங்க"ன்னு கேக்கலாமே.

கேள்வி: மூளையில கட்டி வந்தா நல்லவன் கெட்டவன் ஆயிடுவானா?

பதில்: அபூர்வமா நடந்திருக்கு. அமெரிக்காவுல 40 வயசு ஆசிரியர் ஒருத்தர், அதுவரைக்கும் ஒரு புகார் இல்ல, திடீர்னு குழந்தைங்க மேல தப்பான ஆசை வந்து கேஸ் வரைக்கும் போயிடுச்சு. தலைவலின்னு ஆஸ்பத்திரிக்கு போனப்ப ஸ்கேன் எடுத்தா நெத்திக்கு பின்னாடி மூளையில முட்டை அளவு கட்டி. எடுத்தாங்க, ஆசையும் போச்சு. கொஞ்ச மாசம் கழிச்சு ஆசை திரும்பி வந்துச்சு, பாத்தா கட்டியும் திரும்ப வளந்திருக்கு. இது 2003ல மருத்துவ இதழ்ல வந்த கேஸ். 1966ல டெக்சாஸ் யுனிவர்சிட்டி கோபுரத்து மேலேர்ந்து சுட்ட சார்லஸ் விட்மன் "எனக்கு என்னமோ ஆகுது, செத்தப்புறம் என் மூளைய அறுத்து பாருங்க"ன்னு எழுதி வச்சிருந்தான், அறுத்தா கட்டி இருந்துச்சு. ஆனா அதுதான் அவனை சுட வச்சுதுன்னு விசாரணைக் குழுவால அடிச்சு சொல்ல முடியல. மூளையில கட்டி வந்த எத்தனையோ ஆயிரம் பேர் ஒரு ஈயைக்கூட அடிக்காம இருக்காங்க, அவங்கள யாரும் கட்டுரையா எழுதறதில்ல.

கேள்வி: எல்லாத்துக்கும் வறுமைதான் காரணம். இத சொல்ல ஏன் இவ்ளோ சுத்தறீங்க?

பதில்: கோவிச்சுக்காதீங்க, வறுமைக்கு வர்றேன். வெறும் இல்லாமை மட்டும்னா ஏழைங்க எல்லாரும் திருடணும், பெரும்பாலானவங்க திருடறதில்ல. ராபர்ட் மெர்ட்டன்னு ஒரு அமெரிக்க சமூகவியலாளர் 1938ல இத இன்னும் நல்லா சொன்னாரு: பணம் வசதி இதுதான் வாழ்க்கைன்னு எல்லாருக்கும் ஒரே ஆசைய காட்டிட்டு, அங்க போற நேர் வழிய மட்டும் சிலருக்குத்தான் திறந்து வச்சா, மத்தவன் குறுக்கு வழி தேடுவான்னு. அதனாலதான் எல்லாரும் ஏழையா இருக்கற ஊரை விட, பக்கத்துலயே பளபளன்னு வசதி தெரியற ஏழைத் தெருவுல குற்றம் ஜாஸ்தி.

அதே தெருவைப் பத்தி இன்னொரு விஷயம். சிகாகோவுல ஷா, மெக்கேன்னு ரெண்டு பேர் பல வருஷத்து சிறார் கோர்ட் ரெக்கார்ட எடுத்து மேப்ல புள்ளி வச்சாங்க. நகர மையத்த ஒட்டி இருந்த சில பகுதிகள்ல எப்பவும் புள்ளி அடர்த்தி. வேடிக்கை என்னன்னா அங்க குடியிருந்தவங்க மாறிட்டே இருந்தாங்க, ஜெர்மன்காரங்க ஐரிஷ்காரங்க போயி போலந்து இத்தாலிக்காரங்க வந்தாங்க, அப்புறம் வேற ஆளுங்க, ஆனா குற்றக் கணக்கு மட்டும் அதே பகுதியிலயே நின்னுச்சு, அங்கேர்ந்து நல்ல ஏரியாவுக்கு போனவங்க பசங்க கணக்கு குறைஞ்சுது. அந்தந்த காலத்துல "இந்த இனத்துக்காரனுங்களே இப்படித்தான்"னு திட்டினாங்க பாருங்க, தப்பு இனத்துல இல்ல, யாரும் நிலையா தங்காத, ஒருத்தர ஒருத்தர் தெரியாத, பக்கத்து வீட்டுப் பையன கண்டிக்க ஒரு ஆள் இல்லாத அந்த இடத்துல இருந்துச்சு.

ஆனா வறுமைதான் காரணம்னா கோட்டு போட்டவன் ஏன் திருடறான்? எட்வின் சதர்லேண்ட்னு ஒரு அமெரிக்க சமூகவியலாளர் இதைத்தான் கேட்டாரு. அமெரிக்காவோட 70 பெரிய கம்பெனிங்க மேல வந்த கோர்ட் தீர்ப்பு, அரசு உத்தரவு எல்லாத்தையும் எண்ணினா 980, ஒரு கம்பெனிக்கு சராசரி 14. 1949ல புஸ்தகம் வந்தப்ப பதிப்பகம் கேஸுக்கு பயந்து கம்பெனி பேரையெல்லாம் எடுத்துட்டுத்தான் போட்டுச்சு, முழுசா வெளிவர 1983 ஆச்சு. அவரோட விளக்கம் சிம்பிள், குற்றம்ங்கறது தொழில் கத்துக்கற மாதிரி கூட இருக்கறவங்ககிட்டேர்ந்து கத்துக்கறது, எப்படி செய்யறதுங்கறத மட்டும் இல்ல, செஞ்சா பரவால்லங்கற நினைப்பையும் சேர்த்து. ஏசி ரூம்லயும் இது நடக்கும்.

கேள்வி: இவனுங்களுக்கு மனசாட்சியே உறுத்தாதா? எல்லாருமே சைக்கோவா?

பதில்: சினிமா பாத்து கெட்டுப்போயிருக்கோம் நாம. சைக்கோபதின்னு ஒண்ணு இருக்கு, இரக்கமும் குற்ற உணர்வும் ரொம்ப குறைஞ்ச ஒரு ஆளுமை, கனடாவுல ராபர்ட் ஹேர்னு ஒரு உளவியலாளர் அதுக்கு 20 விஷயம் கொண்ட ஒரு பட்டியல் போட்டாரு, ஒவ்வொண்ணுக்கும் 0லேர்ந்து 2 வரைக்கும் மார்க், மொத்தம் 40, வழக்கமா 30க்கு மேல போனா சைக்கோபாத். பொதுமக்கள்ல ஏறக்குறைய 1 சதவீதம் இருப்பாங்கன்னு சொல்றது வழக்கம், ஜெயில்ல ஜாஸ்தி, ஆனா அங்கயும் அவங்க சிறுபான்மைதான். மீதி பேருக்கு மனசாட்சி இருக்கு. அதுதான் விஷயமே.

இருந்தும் எப்படி செய்யறாங்கன்னு 1957ல சைக்ஸ், மாட்ஸான்னு ரெண்டு பேர் எழுதின கட்டுரை, என்னைக் கேட்டா இந்த சப்ஜெக்ட்ல எழுதப்பட்டதுலயே உபயோகமானது அதுதான். தப்பு செய்யற பசங்க வேற தர்மத்துல வாழல, நம்ம தர்மம்தான் அவங்களுக்கும், ஆனா அதை கொஞ்ச நேரம் தூங்க வைக்க சில வசனம் வச்சிருக்காங்கன்னாங்க. "என் கையில என்ன இருக்கு, சூழ்நிலை அப்படி." "இதனால யாருக்கு என்ன நஷ்டம், அவங்களுக்கு இன்ஷூரன்ஸ் இருக்கு." "அவனுக்கு அது வேணும், அவன் யோக்கியனா." "என்னைக் கேக்க வந்துட்டாங்க, போலீஸ் வாங்காத லஞ்சமா." "எனக்காக செய்யல, என் கூட்டாளிக்காக செஞ்சேன்." அஞ்சே அஞ்சு வகை. வரி ஏய்ச்சவர்கிட்ட, ஆபீஸ் பணத்த எடுத்தவர்கிட்ட, பொண்டாட்டிய அடிச்சவர்கிட்ட பேசி பாருங்க, இந்த அஞ்சுல ரெண்டாச்சும் கண்டிப்பா வரும். சிக்னல்ல சிவப்பு விளக்க தாண்டறப்ப நமக்கே வரும். இந்த வசனம் மாட்டினப்புறம் சொல்ற சாக்கு மட்டும் இல்லைங்க, செய்யறதுக்கு முன்னாடியே மனசுக்குள்ள ஓடி வழி விடுது, அதைத்தான் அவங்க முக்கியமா சொன்னாங்க. ஜெயில்ல கவுன்சிலிங் பண்றவங்க இன்னிக்கும் இந்த வசனங்கள எடுத்து வச்சு ஒண்ணொண்ணா கேள்வி கேக்கறாங்க.

கேள்வி: என் பையனுக்கு 14 வயசு. ஃப்ரெண்ட்ஸோட சேர்ந்து கடையில பொருள் எடுத்து மாட்டிக்கிட்டான். ராத்திரி தூக்கமே வரல. பெரிய குற்றவாளியா ஆயிடுவானா? ஒரு நாள் ஜெயிலை காட்டி பயமுறுத்த சொல்றாங்க.

பதில்: அம்மா, முதல்ல தூங்குங்க. வயசுக்கும் குற்றத்துக்கும் ஒரு கோடு போட்டா, 12, 13ல ஏற ஆரம்பிச்சு பதின்ம வயசோட கடைசியில உச்சிக்கு போயி, இருபதுகள்ல இறங்கிடும், பல நாட்டுலயும் பல காலத்துலயும் ஏறக்குறைய இதே உருவம்தான். டெரி மோஃபிட்னு ஒரு உளவியலாளர் 1993ல இதை ரெண்டு கூட்டமா பிரிச்சாங்க, சின்ன வயசுலேர்ந்தே அடிக்கறது கடிக்கறதுன்னு ஆரம்பிச்சு பெரியவனாகியும் விடாத ஒரு சின்னக் கூட்டம், பதின்ம வயசுல மட்டும் கூட்டாளிங்களோட சேர்ந்து தப்பு பண்ணிட்டு விட்டுடற ரொம்பப் பெரிய கூட்டம். நீங்க எழுதியிருக்கறத வச்சு பாத்தா, 13 வயசு வரைக்கும் ஒரு புகாரும் இல்ல, தனியா செய்யல, வீட்டுல அழுதிருக்கான், ரெண்டாவது கூட்டம் மாதிரிதான் தெரியுது. ஃபிலடெல்ஃபியாவுல 1945ல பொறந்த 9,945 பசங்களோட போலீஸ் ரெக்கார்ட பாத்தப்ப, மொத்த குற்றத்துல பாதிக்கு மேல செஞ்சது வெறும் 6 சதவீதம் பசங்க. ஒரு தடவை மாட்டினவங்கள்ல பாதி பேர் கிட்டத்தட்ட அதோட நிறுத்திட்டாங்க.

ஜெயிலை காட்டறது வேண்டவே வேண்டாம். அமெரிக்காவுல இதை பெரிய திட்டமாவே நடத்தினாங்க, பசங்கள கூட்டிட்டு போயி கைதிங்கள விட்டு கத்த வச்சு மிரட்டறது. டிவியில பாக்க நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் சரியா ஒப்பிட்டு பாத்த ஆய்வுகள்ல, போயிட்டு வந்த பசங்க போகாத பசங்கள விட அதிகமா தப்பு பண்ணியிருக்காங்க. நல்லது செய்யப் போயி கெட்டது ஆன கதை இன்னொண்ணும் சொல்றேன், 1939ல பாஸ்டன் பக்கத்துல 506 பசங்கள எடுத்து பாதி பேருக்கு வருஷக்கணக்கா அறிவுரை, டியூஷன், கோடை முகாம் எல்லாம் குடுத்தாங்க, மீதி பாதிய சும்மா விட்டாங்க. 30 வருஷம் கழிச்சு ஜோன் மெக்கார்ட்னு ஒரு ஆய்வாளர் அவங்கள தேடிப்பிடிச்சு பாத்தா, உதவி வாங்கினவங்க பல விஷயத்துல மோசமா இருந்தாங்க. ஏன்னு இன்னும் விவாதம் ஓடுது, தப்பு பண்ற பசங்கள எல்லாம் ஒரே முகாம்ல ஒண்ணா போட்டதுதான்னு ஒரு பதில், எனக்கு அது சரியாப் படுது.

நீங்க செய்ய வேண்டியது: எடுத்ததுக்கு காசை அவனே உழைச்சு குடுக்கட்டும், நேர்ல போயி மன்னிப்பு கேக்கட்டும், அதோட அந்த பேச்ச மூடுங்க. சொந்தக்காரங்க முன்னாடி "திருட்டுப்பய"ன்னு கூப்பிடாதீங்க. ஒரு பேர வச்சு ஊரே கூப்பிட ஆரம்பிச்சா பையன் அந்த பேருக்கு ஏத்த மாதிரி கூட்டாளி தேடிப்பான், ஹோவர்ட் பெக்கர்னு ஒரு சமூகவியலாளர் 1963லயே இதைப் பத்தி எழுதிட்டாரு. அப்புறம் டிராவிஸ் ஹிர்ஷின்னு ஒருத்தர் கேள்விய தலைகீழா கேட்டாரு, மனுஷன் ஏன் தப்பு பண்றான்னு கேக்காதீங்க, வாய்ப்பு இருந்தும் ஏன் பண்ணாம இருக்கான்னு கேளுங்கன்னு. அவர் பதில்ல முதல்ல வர்றது, பக்கத்துல அம்மா அப்பா இல்லாட்டியும் "அவங்களுக்கு தெரிஞ்சா என்ன ஆகும்"னு அந்த நிமிஷம் மனசுல வர்றது. அந்த நெருக்கம் போயிடற மாதிரி எதையும் செஞ்சுடாதீங்க.

கேள்வி: நடுரோட்டுல தண்டனை குடுத்தா எல்லாம் அடங்கிடும். உங்க கருத்து?

பதில்: அடங்காது. 1764லயே பெக்கரியான்னு ஒரு இத்தாலிய சிந்தனையாளர் எழுதிட்டாரு, தண்டனை எவ்ளோ கொடுமைங்கறத விட மாட்டறது எவ்ளோ நிச்சயம்ங்கறதுதான் ஆளை தடுக்கும்னு, அதுக்கப்புறம் வந்த ஆய்வுங்களும் ஏறக்குறைய அந்தப் பக்கம்தான். மாட்டமாட்டோம்னு நினைக்கறவனுக்கு 2 வருஷமும் 20 வருஷமும் ஒண்ணுதான்.

வேணும்னா உங்களுக்கு ஒரு விசித்திரமான தடுப்பு சொல்றேன். 1980ல மேற்கு ஜெர்மனியில பைக்ல ஹெல்மெட் போடாம போனா ஸ்பாட் ஃபைன்னு கொண்டு வந்தாங்க, தலைய காப்பாத்தத்தான். ஆனா பைக் திருட்டு சில வருஷத்துல பாதிக்கும் கீழ விழுந்துடுச்சு. சும்மா கண்ணுல பட்ட பைக்க எடுத்துட்டு போறவன்கிட்ட ஹெல்மெட் இருக்காது, ஹெல்மெட் இல்லாம போனா முதல் போலீஸ்காரரே நிறுத்துவாரு. சரி இவங்கள்லாம் காரையோ சைக்கிளையோ திருட போயிட்டாங்களான்னு பாத்தா, அந்த அளவுக்கு அங்க ஏறல. அத்தனை பேரோட ஜீனும் குழந்தைப்பருவமும் அப்படியேதான் இருந்துச்சு, வாய்ப்பு மட்டும் போச்சு.

கேள்வி: பௌர்ணமி அன்னிக்கு குற்றம் ஜாஸ்தியாகுமாமே? என் மாமா போலீஸ், அவரே சொல்றாரு.

பதில்: மாமாகிட்ட ஒண்ணும் சொல்லிடாதீங்க, ஆனா 1985ல 37 ஆய்வுங்கள ஒண்ணா சேர்த்து பாத்தாங்க, நிலாவுக்கும் இதுக்கும் சொல்லிக்கற மாதிரி தொடர்பு இல்ல. பௌர்ணமியில கலாட்டா நடந்தா ஞாபகம் இருக்கும், அமாவாசையில நடந்தா யாரு வானத்த பாக்கறாங்க. வெயிலுக்கு வேணா தொடர்பு இருக்கு, சூடான நாள்ல அடிதடி கூடுதுன்னு பல நாட்டுல பாத்திருக்காங்க, அது உடம்பு எரிச்சலாலயா இல்ல எல்லாரும் ராத்திரி வரைக்கும் வெளியில சுத்தறதாலயான்னு மட்டும் இன்னும் அடிச்சுக்கறாங்க.